மூன்றிலைப் பூ நிற்கும் வளவு

புலம்பெயர்ந்த எமது உறவுகள் வாழும் நாடுகளைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். பனி, குளிர், இரண்டு வேலை, வீட்டுக் கடன், கோயில் திருவிழா, கலியாண மண்டபம் என்று அந்தக் கதைகளுக்கு ஒரு வரிசை உண்டு. அந்த நாடுகளின் மண்ணில் என்ன முளைக்கிறது, அதை யார் பார்த்து வளர்க்கிறார்கள் என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசி தொடக்கம் செப்ரெம்பர் கடைசி வரை தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வசிக்கும் என் பெரியம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. அவருக்குக் கூடமாட உதவியாக இருக்கவென்று சம்பளமற்ற விடுமுறை எடுத்துக்கொண்டு போனேன். போன இடத்தில் ஒரு காட்டுப் பூவைப் பற்றியும், அதை வளர்க்கும் ஒரு பெண்ணைப் பற்றியும் அறிந்துகொண்டதை வாசகியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காசாகத் தெரிந்த பூ

ஒன்ராறியோவின் மாகாணப் பூ வெள்ளை ட்ரில்லியம். 1937 ஆம் ஆண்டு அது மாகாணத்தின் மலராக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாகாண அரசின் சின்னத்தில் அந்தப் பூவின் உருவம் இருக்கிறது. ஆகவே அரசாங்கக் கடிதம் எது வீட்டுக்கு வந்தாலும் பூவும் கூடவே வரும். அங்கு பிரெஞ்சு பேசும் சிறுபான்மை மக்கள் 1975 இல் தங்களுக்கென ஒரு கொடியை உருவாக்கியபோது, ஒரு பாதியில் பிரெஞ்சு மரபுக்குரிய லில்லியையும் மறு பாதியில் ட்ரில்லியத்தையும் வைத்தார்கள். தம் மொழியையும் தாம் வாழும் மண்ணையும் ஒரே துணியில் வைத்த அந்தக் கொடியைப் பற்றி அறிந்தபோது எனக்குப் பிடித்திருந்தது.

பெரியம்மா வாராவாரம் போகும் தமிழ் முதியோர் மன்றத்துக்கு ஒருநாள் நானும் போனேன். அங்கிருந்த அம்மாமாரிடம் “ட்ரில்லியம் எண்டால் என்ன?” என்று கேட்டேன். “பத்தாந் திகதி பாங்கிலை விழுற காசு பிள்ளை” என்றார் ஒருவர். “இல்லை, அது மருந்துக் காசு” என்று திருத்தினார் மற்றவர். இருவர் சொன்னதும் சரிதான். வருமானம் குறைந்தவர்களுக்கு மின்சாரச் செலவு, வீட்டு வரி, விற்பனை வரி ஆகியவற்றில் ஒரு பங்கை மாகாண அரசு திருப்பிக் கொடுக்கும் திட்டத்துக்கு ட்ரில்லியம் கொடுப்பனவு என்று பெயர். வருமானத்தோடு பார்க்கும்போது மருந்துச் செலவு மிகுந்தவர்களுக்கு உதவும் திட்டத்துக்கும் அதே பூவின் பெயர்தான். சமூக அமைப்புகளுக்கு நிதி வழங்கவென 1982 இல் தொடங்கப்பட்ட மாகாண நிதியத்தின் பெயரும் அதுவே.

பூவை நேரில் கண்டவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். முப்பது பேருக்கு மேலிருந்த மண்டபத்தில் நான்கு கைகள்தான் எழுந்தன. அவற்றில் ஒன்று பெரியம்மாவுடையது. “காட்டிலை போய்ப் பார்க்கத் தேவையில்லை. என்ரை வளவுக்கை நிக்குது” என்றார்.

எல்லாம் மூன்று

ட்ரில்லியம் என்ற பெயரிலேயே மூன்று என்ற பொருள் அடங்கியிருக்கிறது. நிலத்திலிருந்து ஒற்றைத் தண்டு ஒரு சாண் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக எழும்பும். அதன் உச்சியில் மூன்று அகன்ற இலைகள் குடைபோல விரியும். அவற்றின் நடுவே சிறு காம்பில் ஒரே ஒரு பூ. பச்சைப் புல்லிகள் மூன்று, வெள்ளை இதழ்கள் மூன்று, மகரந்தக் கேசரங்கள் மூன்றின் இரட்டிப்பாக ஆறு. பூ மலர்ந்து இரண்டு மூன்று வாரங்களுக்கு நிற்கும். வாடத் தொடங்கும்போது வெள்ளை மெல்ல இளஞ்சிவப்பாக மாறும். இரண்டு நிறப் பூக்கள் என்று பலர் நினைப்பது உண்மையில் ஒரே பூவின் இளமையும் முதுமையுமே.

கருஞ்சிவப்புப் பூப் பூக்கும் இன்னொரு இனமும் அக்காடுகளில் உண்டு. அழகாக இருக்கிறதே என்று மூக்கருகே கொண்டுபோனால் கெட்ட இறைச்சி நாற்றம் வரும். ஈக்களை வரவழைத்து மகரந்தச் சேர்க்கை நடத்த அந்தச் செடி கைக்கொள்ளும் வழி அது. வட அமெரிக்கப் பூர்வீகக் குடிப் பெண்கள் இந்தச் சிவப்பு இனத்தின் கிழங்கைப் பிரசவ காலத்து மருந்தாகப் பயன்படுத்தி வந்தார்கள். அதனால் ஆங்கிலத்திலும் அதற்குப் பிறப்பு வேர் என்ற பொருளில் ஒரு பெயர் வழங்குகிறது. எங்கள் ஊர்களில் மருத்துவிச்சிமார் அறிந்து வைத்திருந்த வேர்களும் பட்டைகளும் நினைவுக்கு வந்தன. இது பழைய வழக்கம் பற்றிய செய்தி மட்டுமே. இக்காலத்தில் யாரும் பரீட்சித்துப் பார்க்க வேண்டிய மருந்தன்று.

றூஜ் காட்டில் ஒரு காலைப்பொழுது

ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில் றூஜ் ஆற்றை ஒட்டி ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. 2015 இல் சட்டம் மூலம் அமைக்கப்பட்ட இதுவே கனடாவின் முதலாவது தேசிய நகரப் பூங்கா. ஏறக்குறைய 79 சதுரக் கிலோமீற்றர் பரப்பில் காடும் சதுப்பும் தோட்டக் காணிகளும் அதற்குள் உண்டு. 17 ஆம் நூற்றாண்டில் செனெகா என்னும் பூர்வீக மக்களின் ஊர் ஒன்று இருந்த இடமும் அதனுள் அடங்குகிறது. அடுக்குமாடிகளும் கடைத்தெருக்களும் நிறைந்த ஸ்காபரோவிலிருந்து விலங்குக் காட்சிச்சாலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் அந்தக் காட்டின் வாசலில் இறங்கலாம்.

மே மாதம் இரண்டாவது ஞாயிறு அங்கு அன்னையர் தினம். அன்று காலை அண்ணாவின் ஒன்பது வயது மகளோடு காட்டுக்குப் போனேன். மேப்பிள், பீச் மரங்கள் நின்ற சரிவில் பாதை வளைந்து போனது. மரங்களின் தளிர்கள் அப்போதுதான் விரலளவு விரிந்திருந்தன. வெயில் தடையில்லாமல் நிலம் வரை இறங்கியது. அந்த வெயிலில் சரிவு முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. தூரத்தில் பார்த்தபோது பனி கரையாமல் மிஞ்சியிருக்கிறது என்றே எண்ணினேன். கிட்டப் போனால் ஒவ்வொன்றும் மூன்று இதழோடு ஒரே பக்கம் தலை சாய்த்து நின்றது.

“ஒண்டு பிடுங்கி அப்பம்மாவுக்குக் கொண்டுபோவமோ மாமி?” என்று கேட்டாள் சின்னவள். பின் தானே, “அப்பம்மா ஏசுவா” என்று சொல்லிக்கொண்டாள். பூங்காவில் எந்தச் செடியையும் பிடுங்கக்கூடாது என்பது விதி. ஒன்ராறியோவில் எங்குமே ட்ரில்லியம் பறிப்பது சட்டப்படி குற்றம் என்று அங்கு பலர் நம்புகிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உண்மையில் வெள்ளை ட்ரில்லியத்துக்கென்று அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. பூங்காக்களுக்கும் பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கும் உரிய விதிகளே உள்ளன. தென்மேற்கு ஒன்ராறியோவில் மிகச் சில இடங்களில் மட்டும் எஞ்சியிருக்கும் தலைகவிழ்ந்த ட்ரில்லியம் என்ற இனம் அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. சட்டம் இல்லாத இடத்தில்கூட மக்கள் சட்டம் இருப்பதாக எண்ணி ஒரு பூவை விட்டுவைக்கிறார்கள். சமூகவியல் படித்த எனக்கு இது சுவையான செய்தியாக இருந்தது.

எறும்பு விதைக்கும் பூ

இந்த நம்பிக்கைக்குத் தாவரவியல் ரீதியான நல்ல காரணம் இருக்கிறது. மல்லிகையையோ செவ்வரத்தையையோ பறிக்கப் பறிக்க அது மேலும் பூக்கும். ட்ரில்லியம் அப்படியன்று. பூவைத் தண்டோடு ஒடித்தால் அந்த மூன்று இலைகளும் கூடவே போய்விடும். ஓர் ஆண்டுக்கு அந்தச் செடிக்குக் கிடைப்பது அந்த மூன்று இலைகள்தான். மரங்கள் இலைவிட்டு நிழல் மூடுவதற்கு முன் கிடைக்கும் சில வார வெயிலிலும், பின் கோடை நிழலின் சிறு வெளிச்சத்திலும் அவை உணவு தயாரித்துக் கிழங்கில் சேமிக்க வேண்டும். இலை போனால் சேமிப்பு இல்லை. அடுத்த ஆண்டு செடி மெலிந்து வரும், அல்லது பூக்காமல் விடும். திரும்பத் திரும்ப ஒடித்தால் செத்துவிடும்.

விதையிலிருந்து புதிதாக வருவதும் எளிதன்று. ட்ரில்லியம் விதையின் ஒரு முனையில் கொழுப்புச் சத்துள்ள சிறு சதை ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், சதையைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையோடு போட்டுவிடும். அந்தக் குப்பையில்தான் விதை முளைக்கும். ஆனாலும் அவசரப்படாது. முதல் பனிக்காலம் கழிந்த பின் மண்ணுக்குள்ளே வேர் மட்டும் விடும். இரண்டாவது பனிக்காலமும் கழிந்த பிறகுதான் வெளியே முதல் இலை தெரியும். அதன்பின் சில ஆண்டுகள் ஒற்றை இலை, பிறகு மூன்று இலை. பூவைக் காண ஏழு தொடக்கம் பத்து ஆண்டுகள் செல்லும். அன்னையர் தினத்தன்று அந்தச் சரிவில் நாங்கள் கண்ட மிகச் சிறிய பூவுக்கும் வயது ஏறக்குறைய சின்னவளின் வயதுதான். அதை அவளுக்குச் சொன்னபோது குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

கூட்டாத வளவு

பெரியம்மா 1995 இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளம்பியவர். வன்னி, பிறகு வவுனியா, பிறகு கொழும்பு என்று அலைந்து 1998 இல் இரண்டு பிள்ளைகளோடு கனடா போய்ச் சேர்ந்தார். தொழிற்சாலையில் இரவு வேலை செய்தார். பெரியப்பா காலமான பின் அண்ணா குடும்பத்தோடு இப்போதைய வீட்டில் இருக்கிறார். வீட்டின் பின்னால் பெரிய மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது.

பக்கத்து வீட்டில் அப்போது ஒரு வெள்ளைக்கார மூதாட்டி தனியே இருந்தார். இவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்; அவருக்குத் தமிழ் அறவே இல்லை. வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்த மண்தான் அவர்களுடைய பேச்சுமொழி. இவர் கத்தரிக்காய் கொடுப்பார், அவர் அப்பிள் கொடுப்பார். 2009 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போக நேர்ந்தது. போகுமுன் மூன்று கிழங்குகளைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து, மேப்பிள் நிழலில் நடும்படி சைகையால் காட்டினார். மரத்தடியில் சருகு கிடந்தது. அதைக் கூட்டப்போன பெரியம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தி, சருகை அள்ளித் திரும்பவும் அதே இடத்தில் போட்டாராம்.

இந்தச் செய்கை பெரியம்மாவுக்கு லேசில் விளங்கவில்லை. விடியற்புறம் எழும்பி முற்றம் கூட்டித் தண்ணீர் தெளிப்பதுதான் நல்ல பெண்ணுக்கு அழகு என்று வளர்க்கப்பட்ட தலைமுறை அவருடையது. சருகு கிடக்கும் வளவு என்றால் அங்கே பெண் இல்லை, அல்லது இருந்தும் உதவாதவள் என்பது ஊர்க்கதை. கனடாவிலும் இதற்கு ஓர் உருவம் உண்டு. ஒவ்வொரு ஒக்ரோபரிலும் வீட்டுக்காரர் சருகை வாரிக் கடதாசிப் பைகளில் நிரப்பித் தெருவோரம் வைப்பார்கள். மாநகரசபை வண்டி எடுத்துப் போகும். பை வைக்காத வீட்டை அயலார் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். அண்ணியே பலமுறை சொல்லிப் பார்த்தாராம்.

ஆனால் அந்தச் சருகுதான் ட்ரில்லியத்துக்குப் பாய், போர்வை, சாப்பாடு எல்லாம். அது மக்கி மண்ணாகும்போது கிடைக்கும் ஈரமும் சத்துமே அந்தக் கிழங்குக்கு வேண்டும். “ஐம்பது வருசமாக் கூட்டின கை. சும்மா இருக்கச் சொன்னா இருக்குமே? ரெண்டு மூண்டு வருசம் செண்டுதான் அடங்கினது” என்று பெரியம்மா சிரித்தார். வீட்டின் முன்பக்கத்தை இன்றும் பளிச்சென்று கூட்டி வைக்கிறார். பின்பக்கத்தில் மரத்தடியைத் தொடுவதில்லை.

2012 கோடையில் காய் பழுத்தபோது விதைகளைக் காயவிடாமல் அன்றைக்கே வேலியோரச் சருகுக்குள் விதைத்தார். 2014 இல் முதல் இலைகள். 2021 இல் முதல் பூ. நான் போன ஆண்டு மொத்தமாகப் பதினான்கு செடிகள் பூத்து நின்றன. அவற்றைச் சுற்றி ஒற்றை இலையோடு குஞ்சுகள் ஏராளம்.

சாமிக்குப் பறிக்காத பூ

வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படத்துக்குப் பூ வைக்காமல் பெரியம்மா தேநீர்கூடக் குடிக்க மாட்டார். மே மாதத்தில் வளவில் வேறு பூ இல்லை. வெள்ளை வெளேரென்று பதினான்கு பூ நிற்க, கடையில் காசு கொடுத்து வாங்கி வந்த பூவைத்தான் படத்துக்கு வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

“சாமிக்குக் குடுக்கிறதெண்டால் எங்களிட்டை இருக்கிறதிலை குடுக்க வேணும். உதிலை பூவை எடுத்தா அதின்ரை சோத்தையும் எல்லோ எடுக்கிறன். மற்ற உயிரின்ரை சோத்தைப் பறிச்சுக் குடுத்தா அவர் வாங்குவாரே?” என்றார். பிறகு சமையலறை யன்னலைக் காட்டினார். சாமித் தட்டின் ஒரு படம் அந்த யன்னலைப் பார்த்தபடி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. “அவர் இஞ்சையிருந்து பாக்கட்டும்.”

வளர்ப்போருக்குச் சில குறிப்புகள்

பெரியம்மாவிடம் கேட்டும், அங்கு நூலகத்தில் வாசித்தும் குறித்துக்கொண்டவை இவை. குளிர் நாடுகளில் வாழும் உறவுகளுக்கு இவ்விதழை அனுப்பும் வாசகியருக்குப் பயன்படலாம்.

இடம்: கோடையில் நிழலும் வசந்தத்தில் வெயிலும் கிடைக்கும் இடம் வேண்டும். இலையுதிர்க்கும் மரத்தின் அடியே சிறந்தது. புல்தரை ஆகாது.

மண்: இலைமக்கு நிறைந்து, ஈரம் தங்கி, ஆனால் தண்ணீர் தேங்காத மண். கடையில் விற்கும் கடும் பசளைகள் தேவையில்லை.

நடுகை: ஓகஸ்ட் கடைசிக்கும் ஒக்ரோபருக்கும் இடையில், செடி உறங்கும்போது நட வேண்டும். குருத்து மேல்நோக்கி இருக்க, ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் கிழங்கை வைத்து, மேலே சருகு பரப்ப வேண்டும்.

பராமரிப்பு: இலை தானாக மஞ்சளாகி விழும்வரை வெட்டக் கூடாது. கோடை வரட்சியில் தண்ணீர் விட வேண்டும். செடி மறைந்த பின் இடம் தெரியாமல் மண்வெட்டி போட்டுவிடாமல் குச்சி நட்டு அடையாளம் வைப்பது நல்லது.

நோய்: வெள்ளை இதழில் பச்சைக் கோடு தெரிந்தால் அதைப் புது வகை என்று சிலர் ஆசையாக வாங்குகிறார்கள். அது ஒரு நுண்ணுயிர் நோயின் அறிகுறி. மற்றச் செடிகளிலிருந்து அதை அகற்றிவிட வேண்டும்.

பகைகள்: மான்கள் உயரமான செடிகளைத் தேடித் தின்னும். ஐரோப்பாவிலிருந்து வந்த பூண்டுக்கடுகு என்ற களை காட்டு நிலத்தை மூடிவிடுகிறது. எங்கள் தோட்டங்களில் நண்பனாகிய மண்புழு அந்தக் காடுகளுக்கு அந்நியம். வந்தேறிய புழுக்கள் சருகை விரைந்து தின்று நிலத்தை வெறுமையாக்குகின்றன.

வாங்கும் முறை: காட்டில் தோண்டி எடுத்த கிழங்குகளை மலிவாக விற்போர் உண்டு. நாற்றுமேடையில் வளர்த்ததுதானா என்று கேட்டு வாங்க வேண்டும். பத்தாண்டுப் பயிர் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும்.

வெறும் நிலம்

யூலை முடியும்போது இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. ஓகஸ்ட் நடுப்பகுதியில் வேலியோரத்தில் சருகையும் பெரியம்மா நட்ட ஐஸ்கிறீம் குச்சிகளையும் தவிர எதுவும் இல்லை.

அந்த நாட்களில்தான் வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. வீட்டின் பின்வளவில் சிறு வீடு கட்டி வாடகைக்கு விட 2022 இலிருந்து ரொறன்ரோவில் அனுமதி உண்டு. வட்டி ஏறியதால் அண்ணாவின் வீட்டுக் கடனும் ஏறியிருந்தது. இரண்டு வேலை செய்தும் மூச்சு முட்டியது. கட்டட வரைபடம் கீறுபவர் வந்து வளவை அளந்தார். மேப்பிள் மரத்தின் அடிமரம் 30 சென்ரிமீற்றருக்கு மேல் பருமனுள்ளது. அப்படிப்பட்ட மரத்தை அனுமதியின்றி வெட்டவோ காயப்படுத்தவோ முடியாது. எனவே மரத்தைச் சுற்றிப் பாதுகாப்பு இடம் விட்டு, கட்டடத்தை வேலியோரத்துக்குத் தள்ளிக் கீறினார். அந்த இடத்தைத் தாளில் வெறும் நிலம் என்று குறித்தார்.

பெரியம்மா தாளை வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. மரத்துக்குச் சட்டம் இருந்தது. கடனுக்குக் கணக்கு இருந்தது. பதினைந்து ஆண்டுகள் பார்த்த பயிர் ஓகஸ்டில் கண்ணுக்குத் தெரியாததால் தாளில் ஏறவில்லை. நான் பணிபுரியும் ஊர்களில் குடும்பச் சொத்து பற்றிய கூட்டங்களில் பலமுறை கண்டதை அங்கும் கண்டேன். ஆண்கள் போட்ட கல்லும் கம்பியும் பட்டியலில் வரும். பெண் நட்டு, தண்ணீர் வார்த்து, காத்திருந்த காலம் வராது. அண்ணாவிலும் குறை சொல்ல முடியாது. அவர் நல்ல பிள்ளை. கடன் அவரது கழுத்தில் இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் பெரியம்மா சொன்னார்: “கட்டு தம்பி. வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா செப்ரெம்பர் முடியும்வரைக்கும் மிசின் உள்ளுக்கை வரக்கூடாது.” அண்ணா சற்று யோசித்து, “சரி அம்மா” என்றார். மரத்தைச் சுற்றிப் பலகை வேலி போடத்தான் போகிறார்கள், அந்த வேலிக்குள்ளேயே இவையும் நிற்கலாம் என்று அவரே வழியும் சொன்னார்.

செப்ரெம்பர் இரண்டாம் வாரம் பெரியம்மா கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, நான் கையால் மண்ணைக் கிளறினேன். குச்சி இருந்த இடத்தில் பதினான்கு கிழங்குகளும் கிடைத்தன. ஒவ்வொன்றையும் வேர் அறாமல் மண்ணோடு எடுத்து மேப்பிள் அடியில், மரத்தின் பெருவேர்களைத் தொடாமல் வைத்தோம். ஒற்றை இலைக் குஞ்சுகளுக்குக் குச்சி நடப்படவில்லை. விதையளவு கிழங்குகள் அவை. சருகோடு சருகாக அள்ளிய மண்ணில் சில வந்திருக்கலாம். பெரும்பாலானவை அங்கேயே தங்கிவிட்டன. இப்போது அதன்மேல் கொங்கிறீற் இருக்கிறது.

“இது இடம் மாத்தினாத் தாங்குமோ பெரியம்மா?” என்று கேட்டேன். “என்னை எத்தினை தரம் கிளப்பினவை. முளைச்சனான்தானே. ஆனா ஒவ்வொரு தரமும் கொஞ்ச வேர் அங்கை நிண்டுட்டுது” என்றார். மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் தண்ணீர் வாளியைக் காட்டினார்.

இங்குள்ள எமக்கு

இதை வாசித்துவிட்டு யாரும் ட்ரில்லியம் கிழங்கு அனுப்பும்படி உறவுகளைக் கேட்க வேண்டாம். நீண்ட உறைபனி இல்லாமல் அதன் விதையும் முளைக்காது, கிழங்கும் நிலைக்காது. அனுமதியின்றிச் செடி கிழங்கு கொண்டுவருவதும் தவறு.

எங்கள் மண்ணிலும் உறங்கி எழும் கிழங்குகள் உண்டு. ட்ரில்லியமும் எமது வேலிகளில் மாரியோடு ஏறும் கார்த்திகைப்பூவும் தாவரவியலில் ஒரே பெருவரிசையைச் சேர்ந்தவை. பனிக்காலத்தில் அது உறங்குகிறது. வெயில் காலத்தில் இது உறங்குகிறது. சித்திரை வைகாசியில் வேலியோரம் துப்புரவாக்கும்போது மண்வெட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. கார்த்திகைப்பூக் கிழங்கு கடும் நஞ்சு என்பதால் சிறுவர் கைபடாத இடத்தில் அதை விட்டுவைப்பதே போதும். அதேபோல வீட்டில் காணிப் பங்கு, கட்டட வேலை என்று பேச்சு எழும்போது, அந்த வளவை இத்தனை காலம் பார்த்த பெண்ணிடம் எங்கெங்கே என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது. ஒரு நாள் தாமதம்தான் ஆகும்.

2025 மே மாதம் சின்னவள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். புதுக் கட்டடத்தின் சுவர் பின்னால் தெரிகிறது. பலகை வேலிக்குள் பதினொரு செடிகள் மூன்று இலை விரித்திருக்கின்றன. இரண்டில் மட்டும் பூ. மூன்று வரவில்லை. மரத்தின் மறுபக்கத்தில், யாரும் நடாத இடத்தில், ஒற்றை இலை ஒன்று நிற்பதை அவள் விரலால் வட்டமிட்டுக் காட்டியிருந்தாள். எறும்பு கொண்டுபோய்ப் போட்டிருக்க வேண்டும். பூக்க இன்னும் ஆறேழு ஆண்டுகள் செல்லும். அப்போது அவள் உயர்கல்வி கற்கும் வயதில் இருப்பாள். அந்த இடத்தில் அவளே ஒரு குச்சி நட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தாள்.